சாப்பாட்டில் எதை ரசாயன மாசு என்று எழுதுவது? மெஸ்தி பாரத்தில் மாட்டிக்கொண்டேன்

முறுக்கு அக்கா, சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் வீட்டோடு முறுக்கு, ஓமப்பொடி, மரவள்ளி சிப்ஸ், கடலை மிக்சர், அப்புறம் சாம்பார்த்தூள், மீன்கறித்தூள் எல்லாம் போட்டு விற்கிறேன். இதுவரை தெரிந்த கடை, பாசார் மாலாம் (இரவுச் சந்தை), தீபாவளி ஆர்டர் என்று ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ஈப்போவில் ஒரு மினிமார்க்கெட்காரர் மாதாமாதம் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் மெஸ்தி சான்றிதழ் (மலேசிய சுகாதார அமைச்சு கொடுக்கிற உணவுப் பாதுகாப்புச் சான்று) இருந்தால்தான் ஷெல்ஃபில் வைப்பேன் என்கிறார். சரி என்று பாரங்களை எடுத்து உட்கார்ந்தேன்.

எனக்கு உதவி செய்கிற தங்கச்சி ஒருத்தி, ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் கிருமியால் என்ன ஆபத்து, ரசாயனத்தால் என்ன ஆபத்து, கல், முடி, கம்பி மாதிரி பொருளால் என்ன ஆபத்து என்று முதலில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், ஆபீசர் கேட்டால் சொல்ல வரும் என்றாள். கிருமியும் கல்லும் எழுதிவிட்டேன். ரசாயனம் என்ற இடத்தில் வீட்டில் பெரிய சண்டை.

என் வீட்டுக்காரர் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை பார்க்கிறவர், அவருக்கு ரசாயனம் என்றால் பூச்சிமருந்தும் புல்மருந்தும்தான். மாமியார், அஜினோமோட்டோ, சோடா உப்பு, கலர் மூன்றையும் முதலில் எழுது என்கிறார். கொழுந்தன் ஒரு மீ (நூடுல்ஸ்) பேக்டரியில் வேலை, அவன் போரிக் ஆசிட் என்கிறான். ஃபார்ம் ஃபைவ் படிக்கிற மகள், "தண்ணியும் உப்பும்கூட ரசாயனம்தாம்மா, எதை எழுதுவீங்க" என்று சிரிக்கிறாள். கோடு எங்கே போடுவது? எது மாசு, எது மாசு இல்லை? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள், நெட்டில் படித்தால் தலை சுற்றுகிறது.

கம்பத்துக் கீரை

அக்கா, இந்தக் காலத்தில் எதில்தான் கெமிக்கல் இல்லை? இயற்கையாக வந்தது நல்லது, மனுஷன் செய்தது கெட்டது, அவ்வளவுதான் கணக்கு. நாங்கள் கங்கோங் கீரை, வெண்டை, பச்சைமிளகாய் எல்லாம் வீட்டுப் பின்னாலேயே, தோட்டத்து வாய்க்கால் ஓரமாகப் போட்டுக்கொள்கிறோம், கடைக் காய் பக்கமே போவதில்லை. நீங்கள் பாட்டுக்கு "எங்கள் பொருள் இயற்கையானது, ரசாயனம் இல்லை" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

செம்பனை லேப்

அந்த வரியை மட்டும் எழுதிவிடாதீர்கள். கேட்கிற ஆபீசர் அங்கேயே பிடித்துக்கொள்வார்.

நான் சமையல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தம்பி சொன்ன இயற்கை, செயற்கை கணக்கு இந்த விஷயத்தில் ஓடாது. உங்கள் மிக்சரில் போடுகிற கடலையில் பூஞ்சை பிடித்தால் வருகிற அஃப்லாடாக்சின் முழுக்க முழுக்க இயற்கை. எந்தக் கம்பெனியும் தயாரித்து ஊற்றுவதில்லை, ஆனால் கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று உறுதியான பொருள். மண்ணில் இருக்கிற ஆர்சனிக், காட்மியம் இரண்டும் இயற்கைதான்.

உணவுக்கு உலக அளவில் விதி எழுதுவது கோடெக்ஸ். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து நடத்துவது. அவர்களுடைய வரையறையை நம்முடைய பேச்சில் சொன்னால் இப்படி வரும்: யாரும் வேண்டும் என்று உணவில் சேர்க்காத ஒரு பொருள், பயிர் வைக்கும்போதோ, ஆடு மாடு கோழி வளர்க்கும்போதோ, ஆலையில் தயாரிக்கும்போதோ, சமைக்கும்போதோ, பொட்டலம் கட்டும்போதோ, லாரியில் ஏற்றிப்போகும்போதோ, ஸ்டோரில் வைத்திருக்கும்போதோ, இல்லை சுற்றுச்சூழலில் இருந்தோ உணவுக்குள் வந்து சேர்ந்திருந்தால் அது மாசு. பூச்சித் துண்டு, எலி முடி மாதிரி சமாச்சாரம் இதில் சேராது, அதை நீங்கள் கல், முடி பகுதியில் எழுதிவிட்டீர்கள்.

இந்த வரையறையில் எவ்வளவு கெடுதல் என்ற பேச்சே இல்லை, பார்த்தீர்களா? எப்படி உள்ளே வந்தது என்று மட்டும்தான் கேட்கிறது. எந்த அளவுக்கு மேல் போனால் ஆபத்து என்று பார்த்து வரம்பு போடுவது அடுத்த வேலை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் உங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு பதில்.

மாமியார் சொன்ன மூன்றும் நீங்களே தெரிந்து, ஒரு காரணத்துக்காகப் போடுவது. அது சேர்மானம். அதற்குத் தனியாக அனுமதிப் பட்டியல் இருக்கிறது, எவ்வளவு போடலாம் என்று அளவு இருக்கிறது. ஆனால் அந்தக் கலர்ப் பொடிக்குள்ளேயே ஈயம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தால், அந்த ஈயம் மாசு. அதே ஸ்பூனில் இரண்டும் வரும்.

கொழுந்தன் சொன்ன போரிக் ஆசிட் வேறு வகை. மீ இழுவையாக இருக்க, சீக்கிரம் கெடாமல் இருக்க ஆள் வேண்டும் என்றே போடுவது. நம் நாட்டில் உணவில் போடத் தடை. தெரிந்தே போட்டால் அது கலப்படம், மாசு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மிளகாய்த்தூள் சிவப்பாக இருக்க சூடான் சாயம் போட்டு 2005-இல் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான பொருட்களைக் கடையில் இருந்து திரும்ப எடுத்தார்களே, வங்காளதேசத்தில் மஞ்சள் பளிச்சென்று தெரிய ஈய குரோமேட் பூசினார்களே, அதெல்லாம் இந்த வகைதான்.

மருந்தடிப்புக்கு அப்புறம் வருகிறேன், அது தனிக் கதை.

பழைய மண்டோர்

லேப் ஐயா சொல்வது புத்தகத்துக்குச் சரியாக இருக்கலாம். சாப்பிடுகிறவன் குடலுக்கு அது போட்டதா, தானாக வந்ததா என்று தெரியுமா? விஷம் விஷம்தான். எங்கள் காலத்தில் பெண்பிள்ளைகள் முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு பாராகுவாட் என்ற புல்மருந்தை அடித்தார்கள், கையுறை கிடையாது, மூக்குக்குத் துணிதான், நகம் கறுத்து உதிர்ந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். 2002-இல் தடை என்றார்கள், 2006-இல் தடையைத் தூக்கினார்கள், கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியில் இருந்துதான் முழுத் தடை வந்தது. மருந்து மாறவில்லை, அதே மருந்துதான், ஒரு வருஷம் கூடாது, ஒரு வருஷம் கூடும். அப்படியிருக்க வரையறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொன்றும் கேட்கிறேன். கீரைத் தம்பி வாய்க்கால் ஓரமாகக் கங்கோங் போட்டிருக்கிறேன் என்கிறார். மேலே செம்பனைக்குப் புல்மருந்து அடித்தால் மழை பெய்ததும் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? காற்று அடித்தால் எங்கே போகும்? அந்தக் கீரைக்கு யாரும் மருந்தே அடிக்கவில்லை. அதில் இருப்பது மாசா, மருந்து எச்சமா, என்னவென்று பெயர் வைப்பீர்கள்?

செம்பனை லேப்

மண்டோர் அண்ணே, நல்ல கேள்வி, லேபில் நாங்களே அடித்துக்கொண்ட கேள்வி இது.

முதலில் எதற்குப் பிரிக்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். குடலுக்கு வித்தியாசம் தெரியாது, உண்மை. ஆனால் தடுக்கிறவனுக்குத் தெரிய வேண்டும். வேண்டும் என்றே போடுகிற தடைப்பொருளுக்கு வரம்பு என்று ஒன்று கிடையாது, போடாதே என்பதோடு முடிந்தது. சேர்மானத்துக்கு, இவ்வளவு போடு என்று சொல்லலாம். மாசை அப்படிச் சொல்லி நிறுத்த முடியாது, ஏனென்றால் யாரும் போடவில்லை. அது எந்த வழியாக வருகிறதோ அந்த வழியைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும், முழுக்க அடைக்க முடியாத இடத்தில் நியாயமாக எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறை என்பதுதான் கொள்கை. வரம்பும் அந்த அடிப்படையில்தான் வரும். அடுத்து பதப்படுத்தப் போகிற நிலக்கடலைக்குக் கோடெக்ஸ் வைத்திருக்கிற அஃப்லாடாக்சின் வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். ஆயிரம் டன் கடலையில் மொத்தமே 15 கிராம்! ஈயத்துக்கு இவ்வளவு வரை பாதுகாப்பு என்று முன்பு ஒரு வார அளவு வைத்திருந்தார்கள், 2010-இல் அதையே எடுத்துவிட்டார்கள், பாதுகாப்பான அளவு என்று ஒன்றைக் காட்ட முடியவில்லை.

ஒரே பொருள் இரண்டு பக்கமும் நிற்கும் என்பதற்கு மெலமைன் போதும். 2008-இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் புரதம் அதிகம் என்று காட்ட அதைப் போட்டார்கள், 6 குழந்தைகள் இறந்தன, ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. அது குற்றம். ஆனால் மெலமைன் தட்டு, கிண்ணத்தில் இருந்து துளி அளவு சாப்பாட்டுக்குள் இறங்கத்தான் செய்யும், அதை யாரும் போடவில்லை. அதற்காகக் கோடெக்ஸ் குழந்தைப் பால்மாவுக்கு கிலோவுக்கு 1 மில்லிகிராம், மற்ற உணவுக்கு 2.5 மில்லிகிராம் என்று வைத்தது. தவிர்க்க முடியாமல் வந்து சேர்ந்ததற்குத்தான் அந்த அளவு, அதுவரை போட்டுக்கொள்ளலாம் என்ற அனுமதி இல்லை.

இப்போது உங்கள் கங்கோங். பூச்சிமருந்து எச்சத்தையும் மாட்டுக்குப் போடுகிற மருந்து எச்சத்தையும் கோடெக்ஸ் மாசுப் பட்டியலில் வைக்காமல் தனித்தனிக் குழுவிடம் விட்டிருக்கிறது. மருந்து வேண்டும் என்றே அடிக்கப்படுவது, எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று விதி இருக்கிறது, அந்த விதிப்படி நடந்தால் மிஞ்சுவது எவ்வளவு என்று கணக்குப் போட்டு வரம்பு வைக்கிறார்கள். அதனால் அதன் ரூட்டே வேறு. சரி, யாருமே அடிக்காத கீரையில் காற்றில் வந்து படிந்தால்? கோடெக்ஸ் கணக்கில் அதுவும் பூச்சிமருந்து எச்சம்தான், எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டாலும், தவிர்க்க முடியாமல் வந்தாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். மலேரியாவுக்குத் தோட்டத்து வீடுகளில் லாயம் லாயமாக டி.டி.டி. அடித்தார்களே, அந்த மாதிரி நிறுத்திவிட்ட மருந்து மண்ணில் கிடந்து பல வருஷம் கழித்து உணவில் வந்தால் அதற்கென்றே தனி வரம்பு இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டம் இதில் கொஞ்சம் வேறு மாதிரி போகிறது. 1983 உணவுச் சட்டத்துக்குக் கீழே வந்த 1985 உணவு விதிமுறைகளில் உலோக மாசு, கிருமியும் அதன் நஞ்சும், மருந்து எச்சம், பூச்சிமருந்து எச்சம் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில், ஒரே குடும்பமாக வருகின்றன. உலோகத்துக்கு 14-ஆம் அட்டவணை, பூச்சிமருந்துக்கு 16-ஆம் அட்டவணை. அதனால் அக்கா, உங்கள் நோட்டில் வீட்டுக்காரர் சொன்ன மருந்து எச்சத்தையும் ரசாயனப் பகுதியில் தாராளமாக எழுதுங்கள், யாரும் தப்பென்று சொல்ல மாட்டார்கள். காய்ந்த மிளகாய்க்கும் மல்லிக்கும் அது கட்டாயம் வேண்டும்.

கம்பார்க்காரன்

போரிக் ஆசிட் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். 1988-ஐ எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. அக்டோபர் மாதம், சீனர்களின் ஒன்பது பேரரசர் திருவிழா, எல்லாரும் சைவம் சாப்பிடுகிற நேரம். கம்பாரில் செய்த லோ ஷீ ஃபன் என்ற அரிசி மாவு மீயைச் சாப்பிட்டு பேராக்கில் 13 குழந்தைகள் இறந்தார்கள், கல்லீரல் செயலிழந்து. அந்த மீயில் போரிக் ஆசிட் இருந்தது என்று ஊரெல்லாம் பேச்சு, இன்றைக்கும் பலர் அதுதான் காரணம் என்று நினைக்கிறார்கள். ஆனால் இறந்த குழந்தைகளின் உடலில் இருந்து எடுத்த மாதிரிகளில் அஃப்லாடாக்சின் உறுதியானது, பிறகு 1995-இல் வந்த மருத்துவக் கட்டுரையும் அதைத்தான் காரணமாகச் சொன்னது.

லேப் ஐயா சொன்னதை வைத்துப் பார்த்தால் ஒரே தட்டில் இரண்டும் இருந்திருக்கிறது. ஒன்று ஆள் போட்டது, ஒன்று பூஞ்சையில் இருந்து வந்தது. போட்டதை மட்டும் தேடிப் பிடித்துவிட்டுப் போயிருந்தால் அடுத்த மூட்டை மாவிலும் அதே நஞ்சு வந்திருக்கும்.

சீனர்கள் சூப் வைத்துச் சாப்பிடுகிற பறவைக் கூடு வியாபாரத்திலும் இதே மாதிரி ஒரு சிக்கல் வந்தது. 2011-இல் சீனா நம் நாட்டுக் கூட்டை நிறுத்திவிட்டது, நைட்ரைட் அதிகம் என்று. சிவப்புக் கூட்டுக்கு விலை அதிகம் என்பதால் ஆள் ஏதோ செய்கிறான் என்று சந்தேகம். ஆனால் பறவை எச்சத்தில் இருந்து கிருமிகளால் நைட்ரைட் தானாகவும் கூட்டில் ஏறும். ஆள் செய்ததா, தானாக வந்ததா என்று கூட்டைப் பார்த்து எப்படிச் சொல்வது? கடைசியில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பு வைத்துத்தான் வியாபாரம் திரும்ப ஓடியது. என் மாமா கூட்டு வீடு வைத்திருந்தவர், அந்த வருஷம் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முறுக்கு அக்கா, சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாமியாரிடம் அஜினோமோட்டோ மாசு இல்லை என்று சொன்னதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார், அது இருக்கட்டும்.

இப்போது எனக்குப் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறேன், பாருங்கள். கடலை, காய்ந்த மிளகாய், மல்லி: பூஞ்சை நஞ்சு, மருந்து எச்சம். மஞ்சள்: ஈயம், ஆனால் ஆள் பூசியிருந்தால் கலப்படம். அரிசி மாவு: என்ன எழுதுவது? எண்ணெய்: என்ன எழுதுவது? பாக்கெட்டில் வருகிற செம்பனை எண்ணெய்தான் வாங்குகிறேன், அது சுத்திகரித்தது, அதில் மாசு இருக்குமா?

இன்னும் இரண்டு சந்தேகம். மரவள்ளியில் விஷம் இருக்கிறது என்று பாட்டி சொல்வார், ஜப்பான்காரன் காலத்தில் அதைத் தின்றுதான் உயிர் பிழைத்தார்களாம், கசந்தால் துப்பிவிடு என்பார். அது செடியிலேயே இருப்பது, வெளியில் இருந்து வரவில்லை, அதையும் மாசு என்று எழுத வேண்டுமா? முறுக்கை எடுத்து எண்ணெய் வடியப் பழைய பேப்பரில் போடுவேன், அதுவும் இதில் வருமா?

வேதியியல் டீச்சர், கூலிம்

அக்கா, மரவள்ளியும் அரிசியும் நான் சொல்கிறேன், எண்ணெய் லேப் ஐயாவுக்கு விட்டுவிடுகிறேன், அவர் விட மாட்டார்.

மரவள்ளியில் சயனைடு தரக்கூடிய பொருள் செடியிலேயே பிறக்கிறது. உருளைக்கிழங்கு பச்சையானால் வருகிற சொலனின் மாதிரி. செடி தானே தனக்காகச் செய்துகொள்கிற நஞ்சைக் கோடெக்ஸ் பொதுவாக மாசு என்று எடுப்பதில்லை, பூஞ்சை நஞ்சை எடுக்கிறது, சிப்பியில் கடல்பாசியில் இருந்து சேருகிற நஞ்சை எடுக்கிறது. ஆனால் வேண்டியபோது ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள், அந்தக் கதவு வழியாகத்தான் மரவள்ளி மாவுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் ஹைட்ரஜன் சயனைடு என்று ஒரு வரம்பு மாசுத் தரநிலைக்குள்ளேயே வந்தது. வரையறை சுத்தமாக இல்லையே என்று என் மாணவர்களே கேட்பார்கள். இல்லைதான். உங்கள் நோட்டில் எழுதுங்கள், "கசப்பு இல்லாத இனம் வாங்குகிறேன், தோலை உரித்து, சீவித் தண்ணீரில் அலசுகிறேன்" என்று பக்கத்தில் போடுங்கள்.

அரிசிக்கு ஆர்சனிக். வயல் தண்ணீர் நிற்கிற மண்ணில் அது கரைந்து நெல்லுக்குள் ஏறும், மற்ற தானியத்தைவிட அரிசியில் அதிகம் சேர்வதற்குக் காரணம் அந்தத் தேங்கிய தண்ணீர்தான். தீட்டிய அரிசிக்குக் கோடெக்ஸ் 2014-இல் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று வைத்தது. தவிட்டில் அதிகம், அதனால் தீட்டாத அரிசிக்கு 0.35. நிறையத் தண்ணீர் வைத்து வேகவிட்டுக் கஞ்சியை வடித்தால் 40 முதல் 60 சதவீதம் வரை குறையும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது. நம் பாட்டிகள் வடித்த சோறு அது, நாம்தான் ரைஸ் குக்கரில் போட்டு எல்லாத் தண்ணீரையும் அரிசிக்குள்ளேயே அடைக்கிறோம். (முறுக்குக்கு இது உதவாது, சும்மா சொன்னேன்.)

முறுக்குக்கு வேண்டியது அக்ரிலமைடு. 2002-இல் ஸ்வீடனில்தான் இது உணவில் இருப்பதே தெரிய வந்தது. மாவில் இருக்கிற அஸ்பரஜின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரையும் 120 டிகிரிக்கு மேல் சூட்டில் சேர்ந்து உண்டாவது. மூலப்பொருள் எதிலும் இல்லை, கடாயில் பிறக்கிறது. கோடெக்ஸ் வரையறையில் "சமைக்கும்போது" என்று ஒன்று வருகிறதே, அங்கே உட்காரும். உருளைக்கிழங்கு சிப்ஸில்தான் அதிகம் பேசப்படும், அரிசி மாவில் அஸ்பரஜின் குறைவு, இருந்தாலும் பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள், செம்பழுப்பாகக் கருக விடாதீர்கள். கறுத்த முறுக்குதான் ருசி என்கிற வாடிக்கையாளர்கள் உண்டு, எனக்கும் தெரியும்.

பழைய பேப்பர் வேண்டவே வேண்டாம். அச்சு மையில் கனிம எண்ணெய் இருக்கிறது, சூடான எண்ணெய்ப் பலகாரம் அதை இழுத்துக்கொள்ளும். வலைத் தட்டில் வடியவிடுங்கள்.

செம்பனை லேப்

டீச்சருக்கு என்னைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அக்கா, சுத்திகரித்த எண்ணெயில் மாசு இருக்குமா என்று கேட்டீர்கள். சில மாசு சுத்திகரிப்பதாலேயே வருகிறது, இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. கச்சா செம்பனை எண்ணெயின் வாடையையும் நிறத்தையும் எடுக்க 240, 250 டிகிரி அளவுக்குச் சூடேற்றி நீராவி விடுவோம். அந்தச் சூட்டில் கிளைசிடில் எஸ்டர், 3-எம்.சி.பி.டி. எஸ்டர் என்று இரண்டு உண்டாகின்றன, கச்சா எண்ணெயில் இவை ஏறக்குறைய இருக்காது. கிளைசிடில் எஸ்டர் குடலில் உடைந்து வெளிவிடுகிற கிளைசிடாலைத்தான் பெரிய கவலையாகப் பார்க்கிறார்கள், மரபணுவைத் தாக்கிப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதால்.

இதற்கு வழி எங்கே போகிறது என்று பார்த்தால் தோட்டத்துக்கே போகும். பழக்குலை அடிபட்டு ரோட்டோரம் கிடந்து, வெட்டிய அன்றைக்கே ஆலைக்குப் போகாமல் தாமதமானால் எண்ணெயில் டைகிளிசரைடு என்ற பாதி உடைந்த கொழுப்பு கூடும், கிளைசிடில் எஸ்டருக்கு அதுதான் மூலம். 3-எம்.சி.பி.டி. எஸ்டருக்குக் குளோரின் வேண்டும், அது மண், தண்ணீர், உரம் வழியாக வருகிறது. நாம் மரத்தடியில் வீசுகிற எம்.ஓ.பி. உரம் பொட்டாசியம் குளோரைடுதானே. அதனால்தான் இப்போது பல இடங்களில் கச்சா எண்ணெயைத் தண்ணீரில் கழுவிக் குளோரைடை இறக்கிவிட்டு, சூட்டையும் குறைத்து ஓட்டுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் கிளைசிடில் எஸ்டருக்குக் கிலோவுக்கு 1000 மைக்ரோகிராம் என்றும், 2021-இல் இருந்து செம்பனை எண்ணெயில் 3-எம்.சி.பி.டி.க்கு 2500 என்றும் வரம்பு போட்ட பிறகு வேலை வேகமாக நடந்தது. வரம்பு வருவதற்கு முன்பும் அந்தப் பொருள் எண்ணெயில் இருந்தது, அளந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். எண்ணெய், மிளகாய், கடலை மூன்றையும் யாரிடம், எந்தத் தேதியில், எந்த லாட் வாங்கினீர்கள் என்று பில்லோடு வையுங்கள். மொத்தக் கடைக்காரரிடம் மிளகாய்க்கும் கடலைக்கும் அஃப்லாடாக்சின் ரிப்போர்ட் கேளுங்கள், பெரிய இறக்குமதிக்காரர்களிடம் இருக்கும். சுருங்கிய கடலை, பூத்த கடலை எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள், வறுத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், அஃப்லாடாக்சின் வறுக்கிற சூட்டில் முழுக்க அழிந்துவிடாது. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை போட்டு, சுவரில் முட்டாமல் வையுங்கள்.

ஒன்று கேட்கிறேன், வீட்டுக்காரர் மருந்தடிக்கிறவர் என்றீர்கள். அவருடைய பம்பு, சட்டை எல்லாம் எங்கே இருக்கிறது?

முறுக்கு அக்கா, சுங்கை சிப்புட்

ஐயா, பின்பக்க ஸ்டோர்தான். பம்பு ஒரு மூலை, மாவு மூட்டை ஒரு மூலை. நடுவில் சைக்கிள் இருக்கிறது. சட்டை வீட்டில்தான் துவைக்கிறோம், தனி வாளி. தண்ணீர் பிடித்து வைக்கிற நீலப் பீப்பாய்கூட அவர் தோட்டத்தில் இருந்து கொண்டுவந்ததுதான், நன்றாகக் கழுவியிருக்கிறோம், வாடையே இல்லை.

பழைய மண்டோர்

ஐயோ தாயே, அந்தப் பீப்பாய்த் தண்ணீரிலா மாவு பிசைகிறாய்? முதலில் அதை நிறுத்து, பாரம் அப்புறம். வாடை இல்லை என்றால் மருந்து இல்லை என்று அர்த்தம் கிடையாது, பிளாஸ்டிக் குடித்து வைத்திருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

மருந்துப் பீப்பாயை மூன்று தடவை அலசி, அலசின தண்ணீரைப் பம்பிலேயே ஊற்றி அடித்துவிட்டு, அடியில் ஓட்டை போட்டுத் தோட்டத்து ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும், யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஓட்டை போடாமல் கொடுத்தது அந்த ஸ்டோர்க்காரன் செய்த வேலை. உன் வீட்டுக்காரரிடம் சொல், திங்கட்கிழமை பெரட்டுக்கு (காலையில் தோட்டத்தில் பெயர் கூப்பிடுகிற இடத்துக்கு) போகும்போது எடுத்துப்போய்க் கொடுத்துவிடட்டும். பம்பையும் அப்படியே அங்கே வைத்துவிட்டு வரட்டும், வேலைச் சாமான் வேலை இடத்தில்தான் இருக்க வேண்டும். சட்டையை மாவு, பாத்திரம் கழுவுகிற இடத்தில் துவைக்காதே.

லேப் ஐயா, இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

செம்பனை லேப்

அண்ணே, சந்தேகமே இல்லாத மாசு, யாரும் வேண்டும் என்று போடவில்லை, வைத்த பாத்திரத்தில் இருந்து வந்தது. பூச்சிமருந்தாகவும் இருப்பதால் லேபில் 16-ஆம் அட்டவணையை வைத்துத்தான் பார்ப்பார்கள். அக்கா, உணவுக்கு என்று போட்டிருக்கிற புதுத் தொட்டி வாங்குங்கள், கோப்பையும் முள்கரண்டியும் போட்ட குறி அடியில் இருக்கும், பில்லையும் நோட்டில் ஒட்டிவிடுங்கள்.